அச்சு வழங்குவதா, அச்சுக்கலை வழங்குவதா?

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பெருங்கடவிளை போன்ற சிற்றூர்களில் மண்பொம்மைத் தொழிலையோ பள்ளிக் கைவேலையையோ வளர்க்க முற்படுவோர்க்கு ஆயத்த அச்சுகளை வாங்கிக் கொடுத்துவிடுதல் எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அச்சு தேயும், உடையும். அதனைத் தானே செய்யத் தெரியாதவன், அச்சு உடைந்த அன்றே தொழிலையும் நிறுத்த நேரும். ஆகவே அச்சுச் செய்யும் முறையைக் கற்பிப்பதே முதற்கடமை எனல் வேண்டும்.

எல்லா அச்சும் பல படிகளுக்கு உதவா. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகு உருவின்மீது காவிரி வண்டல் மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, உலோகத்தை வார்க்கின்றனர். பின்னர் அச்சு உடைக்கப்படுகிறது. ஓர் அச்சுக்கு ஒரே படிமம். ஒரே வடிவம் பலவாக வேண்டுமாயின் பாரிஸ் சாந்தே ஏற்றது. ஜிப்சத்தை ஏறத்தாழ 150 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் வறுத்தால் அதிலுள்ள நீரில் முக்காற்பங்கு நீங்கும். அப்பொடியில் நீர் சேர்த்தால் மீண்டும் இறுகும். இறுகுங்கால் சிறிது விரிவடைவதால் நுண்ணிய கோடுகளையும் பற்றிக்கொள்ளும். ஈரக் களிமண்ணின் நீரை அச்சு உறிஞ்சுவதால் பொம்மை தானே விட்டு வரும். அச்சை நெருப்பருகே உலர்த்துதல் ஆகாது, நீரிழந்து பொடிந்துவிடும்.

உருவில் உட்குடைவு இருப்பின் ஒற்றை அச்சிலிருந்து அது வெளிவராது. முதற் பாதி இறுகியபின் அதன் விளிம்பில் பொருத்துக் குழிகள் தோண்டி, சோப்புக் கரைசல் பூசி, மறு பாதியை வார்த்தல் வேண்டும். கரைசல் பூச மறந்தால் இரு பாதியும் ஒன்றாகிவிடும். முதன்முறை பழகுவோரில் பெரும்பாலோர் இப்பிழையைச் செய்தே கற்கின்றனர், அதனால் கேடில்லை.

கேடு வேறிடத்தில் உள்ளது. கடையில் வாங்கிய சுட்ட பொம்மையிலிருந்தே அச்செடுக்கும் வழக்கத்தை ஊக்குவித்தல் தகாது. களிமண் உலர்ந்து சுடப்படும்போது நூற்றுக்குப் பத்து சுருங்குவதாகக் கொண்டால், 20 செ.மீ. பொம்மையின் படி 18 செ.மீ. ஆகும், அப்படியிலிருந்து மீண்டும் எடுத்தால் 16.2 செ.மீ. தான். முகக்குறியும் மழுங்கும், பிறர் கற்பனையைக் களவாடிய பழியும் சேரும். மூல உருவைத் தானே சற்றுப் பெரிதாக வனைந்துகொள்பவனுக்கு இவ்விடர் இல்லை.

எவ்வளவு பெரிதாக என்பது அவ்வூர் மண்ணைப் பொறுத்தது. ஆசிரியர் ஈரக் களிமண் பலகையொன்றில் 10 செ.மீ. இடைவெளியில் இரு கோடுகள் கீறச் செய்து, உலர்ந்தபின் ஒருமுறையும் சுட்டபின் ஒருமுறையும் மாணவரையே அளக்கச் செய்யலாம்.