நடக்காததைச் சொல்ல ஒரு காலம்

1991-ல் புதுச்சேரியில் எனக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு எழுபது தாண்டியிருந்தது. எந்த வினைச்சொல்லை எடுத்தாலும் பாதியில் விடமாட்டார். நிகழ்காலத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக இறங்கி, ‘ப்ளூஸ்-கெ-பார்ஃபே தியூ சுப்ஜோன்க்திஃப்’ என்ற கடைசிப் படியைத் தொட்டுவிட்டுத்தான் மேலே வருவார். பரீட்சைக்கு அது வராது. பாரிஸில் ரொட்டி வாங்கவும் உதவாது. “முசே, இதை யார் பேசுகிறார்கள்?” என்று ஒரு நாள் கேட்டேன். “யாரும் பேசவில்லை. அதனால்தான் நாம் பேசுகிறோம். எழுது தம்பி” என்றார்.

பெயர்தான் மிரட்டலாக இருக்கிறதே தவிர, அமைப்பு ஒன்றும் பிரம்மவித்தை அல்ல. ‘அவ்வார்’, ‘எத்ர்’ என்று பிரெஞ்சில் இரண்டு துணைவினைகள். முதலாவது ‘உடைத்தாயிருத்தல்’, இரண்டாவது ‘இருத்தல்’. இரண்டில் ஒன்றை சுப்ஜோன்க்திஃபின் இறந்தகால வடிவத்தில் போட்டு, அதன் பின்னால் முக்கிய வினையின் எச்சத்தைச் சேர்த்தால் வேலை முடிந்தது. போதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில வினைகளும், தன்னைத்தானே குறிக்கும் வினைகளும் ‘எத்ர்’ பக்கம் போகும். மற்றதெல்லாம் ‘அவ்வார்’ பக்கம். ‘எத்ர்’ வந்தால் எச்சம் எழுவாயின் பால், எண்ணுக்கேற்ப மாறும். வருபவள் பெண்ணென்றால் ஓர் எழுத்து கூடும்.

‘நேசி’ என்பதற்கு ‘எமே’. ‘நான்’ என்றால் ‘ஜூஸ் எமே’. முதல் நாள் வகுப்பில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. ‘நீ’ என்றால் ‘தியூ யூஸ் எமே’. ‘அவன்’ என்றால் ‘இல் யூ’ என்று சுருங்கிவிடும். ‘நாங்கள்’ வரும்போது ‘நூ ஸூஸியோன்’ என்று மூக்கு வழியாக நீளும். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் பிடிக்க முடியாது. ‘ஊ’ சொல்ல உதட்டைக் குவித்து, உள்ளே ‘ஈ’ சொல்ல வேண்டும்.

சுப்ஜோன்க்திஃப் என்பது நடந்ததைச் சொல்வதற்கல்ல. ஆசை, பயம், சந்தேகம் இவற்றின் கீழே தொங்கும் வினைக்கு உரியது. ‘அவன் போயிருப்பானோ என்று பயந்தேன்’ என்பதில் அந்தப் போதலுக்கு, பழைய முறைப்படி எழுதுகிறவர் இந்த வடிவத்தைத்தான் போடுவார். நடக்காமல் போனவற்றையும் இதனால் சொல்லலாம். கிளியோபாட்ராவின் மூக்கு சற்றுக் குட்டையாக இருந்திருந்தால் உலகின் முகமே மாறியிருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் எழுதினாரே, அந்த மூக்கு ‘இருந்திருந்தால்’ என்பது பிரெஞ்சில் இந்த வடிவம்தான்.

வாத்தியார் கொடுத்த உதாரணம் உள்ளூர்ச் சரக்கு. ‘சி துப்ளெக்ஸ் ஃப்யூ ரெஸ்தே, லேந்த் யூ பார்லே ஃப்ரான்சே.’ 1754-ல் திரும்ப அழைக்கப்பட்ட துப்ளெக்ஸ் இங்கேயே தங்கியிருந்தால் இந்தியா பிரெஞ்சு பேசியிருக்கும். வாக்கியத்தின் இரண்டு பாதியிலும் ஒரே வடிவம். இன்றைய பிரெஞ்சுக்காரர் ‘ஆல்’ பாதிக்கு ஒன்றும், விளைவுப் பாதிக்கு வேறொன்றுமாகப் போட்டு எளிதாக முடித்துவிடுவார். தமிழில் நமக்கு இந்தச் சிரமமே இல்லை. ‘சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.’ இரண்டு பக்கமும் ‘இரு’ உட்கார்ந்திருக்கிறது. காய்கறிக் கடையில்கூட நாம் புழங்கும் இந்த நுட்பத்துக்கு யாரும் நமக்கு அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை.

பிரான்ஸில் இதன் வீழ்ச்சி அரசாங்க முத்திரையோடு நடந்தது. சில இடங்களில் சுப்ஜோன்க்திஃபின் இறந்தகாலத்துக்குப் பதில் நிகழ்காலத்தைப் போட்டாலும் தவறாகக் கொள்ளவேண்டாம் என்று 1901-லேயே கல்வி அமைச்சகம் உத்தரவு போட்டது. பேச்சில் அது அதற்கு முன்பே தேய்ந்திருந்தது. பிறகு ப்ரூஸ்ட் போன்றவர்களின் பக்கங்களில்தான் தாராளமாகக் கிடைத்தது. மேடையில் இந்த இறந்தகால வடிவங்களை அலட்சியமாக வீசிக் கைதட்டல் வாங்கியவர்களில் ஒருவர், 2025-ல் இறந்த தீவிர வலதுசாரித் தலைவர் ழான்-மரி லெ பென். இலக்கண சுத்தத்துக்கும் மன சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1990 டிசம்பரில் பிரெஞ்சு எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. பல சொற்களில் ‘இ’, ‘யூ’ எழுத்துகளின் தலையிலிருந்த தொப்பிக்குறியை விட்டுவிடலாம் என்றார்கள். ஆனால் இந்த வடிவத்தின் தொப்பியில் மட்டும் கைவைக்கவில்லை. செய்தியைப் படித்துவிட்டு வாத்தியார் அன்று எல்லோருக்கும் காபி வாங்கிக்கொடுத்தார். ஏன் இவ்வளவு சந்தோஷம் என்று அப்போது புரியவில்லை.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். வாத்தியாரின் அண்ணன் எழுதிக் கொடுத்தார். குடும்பத்தோடு கப்பலேறினார். பிள்ளைகள் பிரான்ஸிலேயே வளர்ந்தார்கள். வாத்தியாரும் படிவம் வாங்கி வைத்திருந்தார். அம்மா படுக்கையில் இருந்தார். இன்னும் நாளிருக்கிறது, இன்னும் நாளிருக்கிறது என்று ஆறு மாதமும் ஓடிவிட்டது. இதை அவர் வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. அண்ணனின் கடிதம் வந்த ஒரு மாலையில் சொன்னார். சொல்லிவிட்டு, ‘கையெழுத்திடு’ என்ற வினையை ஆறு இடங்களிலும் எழுதச் சொன்னார்.

எழுதிக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ‘அவன்’ வரும் மூன்றாவது வரியில் சிவப்புப் பென்சில் நின்றது. தொப்பிக்குறி இல்லை. இருந்தால் ‘கையெழுத்திட்டிருப்பான்’. இல்லாவிட்டால் அதே உச்சரிப்பில் அது வேறொரு காலமாகி, ‘கையெழுத்திட்டு முடித்திருந்தான்’ என்று ஆகிவிடும்.

“தொப்பியை மறந்துவிட்டாய் தம்பி. இப்போது அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான்” என்றார். சிறிது நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொப்பியைப் போட்டார்.