சுமைக்கோடு காக்கும் உயிர்கள்

இரும்பு ஆணி நீரில் மூழ்குகிறது; பல்லாயிரம் டன் எடையுள்ள இரும்புக் கப்பலோ மிதக்கிறது. நீரில் உள்ள பொருள், தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இது ஆர்க்கிமிடிஸ் கண்ட உண்மை. ஆணி விலக்கும் நீர் மிகச் சிறிது. கப்பலின் உட்புறம் அகன்று, காற்று நிறைந்திருக்கிறது. ஆகவே அது தன் எடைக்குச் சமமான நீரை விலக்கியதும் மேலும் அமிழாமல் நிற்கிறது.

எல்லா நீரும் ஒரே அடர்த்தி உடையதன்று. ஒரு கன மீட்டர் நன்னீரின் நிறை ஏறத்தாழ 1000 கிலோகிராம். கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1025 கிலோகிராம். உப்பு மிகுந்தால் அடர்த்தி கூடும். 4 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏற ஏற நன்னீரின் அடர்த்தி குறையும். கடலில் 8 மீட்டர் அமிழ்ந்து செல்லும் பெட்டி வடிவக் கலம் ஒன்று நன்னீர் ஆற்றுக்குள் நுழைந்தால், ஒரு மூட்டையும் புதிதாக ஏற்றாமலேயே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கூடுதலாக அமிழும்.

இவ்வறிவு இருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாலுமிகள் பலர் மாண்டனர். இலாபம் கருதிய கப்பல் உரிமையாளர் சிலர் அளவுக்கு மீறிச் சரக்கை ஏற்றினர். அத்தகைய கலங்களை மக்கள் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்றனர். இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிலிம்சால் இக்கொடுமையை எதிர்த்துப் போராடினார். 1876ஆம் ஆண்டுச் சட்டம் கப்பலின் பக்கத்தில் சுமைக்கோடு இடுவதைக் கட்டாயமாக்கியது. ஆனால், அக்கோட்டை எங்கே இடுவது என்பது முதலில் உரிமையாளரின் விருப்பத்திற்கே விடப்பட்டது; பின்னரே சட்டம் அதனையும் வரையறுத்தது. இன்று நன்னீருக்கும் கடல்நீருக்கும், கோடைக்கும் குளிர்காலத்திற்கும் தனித்தனிக் கோடுகள் உள்ளன. குளிர்காலக் கோடு தாழ்வாக இருப்பதற்குக் காரணம் அக்காலத்துப் புயலும் பேரலையுமே ஆகும்.

பெருங்கப்பலுக்கு உள்ள இவ்வொழுங்கு ஆற்றைக் கடக்கும் சிறு படகிற்கும் வேண்டும். ஆட்களைக் குறைத்தால் கூலி கட்டாது என்பது படகோட்டியின் வாதம். அடுத்த நடைக்குக் காத்திருக்க நேரமில்லை என்பது பயணியின் வாதம். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் நீர் எவருடைய வறுமையையும் அவசரத்தையும் அறியாது. ஒவ்வொருவர் ஏறும்போதும் படகு சிறிது அமிழ்கிறது. விளிம்பு நீர்மட்டத்தை நெருங்குகிறது. அதன்பின் ஒரு சிற்றலை போதும், நீர் உட்புக.

ஆகவே ஒவ்வொரு படகிலும் சுமைக்கோடு அனைவருக்கும் தெரியும்படி தீட்டப்பட வேண்டும். கோடு நீரைத் தொட்டபின் எவரையும் ஏற்றலாகாது. ‘இன்னும் ஒருவர்தானே’ என்று படகோட்டி அழைத்தாலும் ஏற மறுப்பது அச்சமன்று; அறிவுடைமையாகும். மிதத்தலின் விதியைத் தேர்வில் எழுதுவது எளிது. படகுத்துறையில் அதன்படி நடப்பதே உண்மையான கல்வி.