அருவியைக் காப்பதும் ஆற்றைக் காப்பதும்

1986-இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தைப் பார்த்த தலைமுறைக்கு அதிரப்பள்ளி ஓர் ஊரின் பெயராக அறிமுகமானதல்ல. கமலஹாசனும் ரேகாவும் கைகோத்து நின்ற பாறை விளிம்பும், அங்கிருந்து பொங்கி விழும் வெண்ணிறத் தண்ணீருமே நமக்கு அது. நெடுங்காலம் அதைப் ‘புன்னகை மன்னன் அருவி’ என்றே அழைத்துவந்தோம். 2010-இல் மணிரத்னத்தின் ‘ராவணன்’ அதே அருவியை மறுபடியும் நமக்குக் காட்டியது. அருவிக்குச் சற்று மேலே அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டமொன்று இந்த ஆண்டுகளில் எழுவதும் விழுவதுமாக இருந்தது என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. அறிந்தவர்களும், ‘ஐயோ, அந்த அருவி வற்றிவிடுமே’ என்ற அளவில் வருந்தினோம். அந்த வருத்தம் போதாது, ஒருவகையில் அது ஆபத்தானதும்கூட என்பது எங்கள் கருத்து.

திட்டத்தை முதலில் சொல்லிவிடலாம். சாலக்குடி ஆற்றில், வாழச்சால் அருவிக்குச் சில நூறு மீட்டர் மேலே, 23 மீட்டர் உயரமும் 311 மீட்டர் நீளமும் கொண்ட அணை. அங்கிருந்து மலையைக் குடைந்து செல்லும் ஏறத்தாழ 4.7 கி.மீ. சுரங்கம். அதன் முடிவில், அதிரப்பள்ளிக்கும் கீழே கண்ணன்குழியில் 160 மெகாவாட் மின்நிலையம். அணையின் அடியில் இன்னொரு 3 மெகாவாட். ஆக மொத்தம் 163. இதற்குத் தேவைப்படும் காட்டு நிலம் 138.6 ஹெக்டேர், அதில் 104 ஹெக்டேர் நீருக்குள் போகும். சுரங்கத்துக்குள் நுழைந்த நீர் வாழச்சாலையும் அதிரப்பள்ளியையும் தொடாமலேயே கீழே போய்விடும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் சாரம்.

கேரள மாநில மின் வாரியம் இதற்கு மூன்று முறை மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி பெற்றது: 1998, 2005, 2007. முதல் இரண்டும் உயர்நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மக்கள் கருத்தைக் கேள் என்றது நீதிமன்றம். 2002-இல் திருச்சூரிலும் 2006-இல் சாலக்குடியிலும் கேட்டார்கள். சாலக்குடிக் கூட்டத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். அணை வேண்டாம் என்ற குரலே அங்கே ஓங்கி ஒலித்தது. மறு ஆண்டே மூன்றாவது அனுமதி வந்தது! (பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்ற சடங்கின்மீது நம்பிக்கை வைத்திருப்பவர்கள் இந்த வரிசையை ஒருமுறை நிதானமாகப் படித்துப்பார்க்கலாம்.) 2010-இல் ஜெய்ராம் ரமேஷ் அமைச்சராக இருந்தபோது அந்த அனுமதியை ஏன் திரும்பப் பெறக்கூடாது என்று கேட்டு அறிவிக்கை அனுப்பப்பட்டது. 2011-இல் மாதவ் காட்கில் குழு இத்திட்டமே கூடாது என்றது. 2013-இல் கஸ்தூரிரங்கன் குழு மறு ஆய்வுக்கு வழிவிட்டது. 2017-இல் அனுமதி காலாவதியானது. 2020 ஜூனில், ஊரடங்குக் காலத்தில், மாநில அரசு மீண்டும் ஏழாண்டுக்கான தடையின்மைச் சான்றை வழங்கியது. ஆளும் கூட்டணியிலிருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியே அதை எதிர்த்தது. அணை இன்றுவரை எழவில்லை.

இனி, நாம் வருந்திய அருவிக்கு வருவோம். மின் வாரியம் இந்த வருத்தத்தை அலட்சியப்படுத்தவில்லை. வினாடிக்கு 7.65 கனமீட்டர் நீரை அருவிக்கென விட்டுவிடுகிறோம், சுற்றுலாவுக்குக் குறைவு வராது என்றது. இங்கேதான் சிக்கல். அருவியின் அழகுக்காக மட்டும் அணையை எதிர்த்தவருக்கு இதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? அழகை அளந்து தரச் சம்மதித்துவிட்டார்கள். பேரம் இனி அளவைப் பற்றியது: ஏழரை போதுமா, பத்து வேண்டுமா என்று. குழாயைத் திறந்து காட்டப்படும் காட்சியாக ஓர் அருவியை நாம் ஒப்புக்கொண்டுவிட்டால், ஆறு தோற்றுப்போகும்.

அந்த ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் எதிர்த்த காரணங்கள் வேறு. இவற்றை நாங்கள் பெரிதும் அறிந்துகொண்டது, 2017 நவம்பரில் மறைந்த லதா அனந்தாவின் எழுத்துகளாலும் பேச்சுகளாலும். சாலக்குடிப் புழைப் பாதுகாப்பு இயக்கத்தில் நின்றவர், நதி ஆய்வு மையத்தை நடத்தியவர். முழக்கங்களைவிடக் கணக்குகளில் அதிக நம்பிக்கை கொண்டவர். மின் வாரியம் காட்டிய நீர்வரத்துக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு, இந்த ஆற்றில் நீங்கள் சொல்லும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்.

அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள ஆற்றின் இன்றைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிரப்பள்ளியில் நாம் காணும் சாலக்குடி ஆறு கன்னிநதி அல்ல. மேலே 1957-இலிருந்து பெரிங்கல்குத்து நிலையம் இயங்குகிறது. அதற்கும் மேலே 1966-இலிருந்து கேரளத்தின் சோலையாறு நிலையம். கோடையில் அருவியில் விழுவது பெரும்பாலும் பெரிங்கல்குத்து விசையாழிகளைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர்தான். மாநிலத்தில் விளக்குகள் எரியத் தொடங்கும் மாலையில் நிலையம் முழுமூச்சில் ஓடும், ஆறு ஏறும். மற்ற நேரங்களில் இறங்கும். கீழே தும்பூர்முழியில் தடுப்பணை கட்டி, திருச்சூர், எர்ணாகுளம் மாவட்டங்களில் ஏறக்குறைய 14,000 ஹெக்டேருக்குக் கால்வாய் வழியாகப் பாசனம் செய்கிறார்கள். கரையோர ஊராட்சிகளின் கிணறுகளும் குடிநீர்த் திட்டங்களும் இதே நீரை நம்பியவை. மின்தேவையின் ஏற்றஇறக்கம் ஏற்கெனவே வயலின் ஏற்றஇறக்கமாக ஆகிவிட்டது. புதிய அணை நீரை இன்னும் இறுக்கிப் பிடித்துச் சில மணிநேரங்களில் கொட்டும் என்பதே உழவர்களின் அச்சம். பெரிங்கல்குத்தை நாள் முழுதும் சீராக இயக்குங்கள் என்பது இயக்கத்தாரின் நெடுநாள் கோரிக்கை. ஒளிப்படங்களில் இந்தப் பூசலின் சாயல்கூடத் தெரியாது.

காடர்களின் காரணம் இன்னும் பழையது. கேரளத்தில் மிகவும் நலிவுற்ற தொல்குடிகளுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்ட இவர்கள் பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்து என்று ஒவ்வோர் அணைக்கும் இடம் கொடுத்து நகர்ந்தவர்கள். இந்த அணை வாழச்சால், பொகலப்பாறைக் குடியிருப்புகளைப் பாதிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் நான்கு வகை இருவாச்சிகளும் ஒருங்கே வாழும் இடம் வாழச்சால். அவற்றின் கூடுகளைக் காவல் காப்பவர்களும் காடர்களே; முன்பு அதே கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்தவர்கள், இன்று மரம் மரமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி 2014-இல் இப்பகுதியின் ஒன்பது குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. அதை வைத்துக்கொண்டு ஊர்க்கூட்டங்கள் அணை வேண்டாமென்று தீர்மானம் இயற்றின. சுற்றுலாவும் அவர்களுக்கு அந்நியமல்ல. அருவிக்கு வருவோரிடம் கட்டணம் வாங்குவதும், நாம் எறிந்துவிட்டுப் போகும் நெகிழிப் புட்டிகளைப் பொறுக்குவதும் வனப் பாதுகாப்புக் குழுக்களில் இருக்கும் உள்ளூர்க்காரர்கள். அந்த வருமானம் அவர்களுக்குப் பொருட்டுதான். ஆனால் தங்கள் எதிர்ப்பை அவர்கள் அதில் தொடங்கவில்லை.

மறுதரப்பின் வாதத்தை ஏளனம் செய்ய எங்களுக்கு உடன்பாடில்லை. கேரளம் தன் மின்தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. அதிரப்பள்ளியிலிருந்து அதிகத் தொலைவில்லாத கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரியமின் நிலையத்தைத் தொடங்கித் தன் தேவையைத் தானே நிறைவுசெய்துகொண்டதை எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். நல்ல எடுத்துக்காட்டுத்தான். ஆனால் மாலை ஏழு மணிக்குச் சூரியன் இல்லை. உச்சநேரத்தில் உடனே எழுப்பக்கூடியது நீர்மின்சாரமே என்று பொறியாளர்கள் சொல்வது பொய்யன்று. எங்கள் மறுப்பு வேறிடத்தில். மழைக்காலத்தில் பெருகி, கோடையில் மேலணையின் கழிவுநீரால் மட்டுமே ஓடும் ஆற்றில், தேவை மிகும் கோடை மாலையில் இந்த 163 மெகாவாட் எத்தனை நாள் கிடைக்கும்? அதற்கு நேரான விடை தரும் கணக்கு எதிர்ப்பாளர்களைத் திருப்திப்படுத்தும் வகையில் ஒருபோதும் முன்வைக்கப்படவில்லை.

இந்த இடத்தில் தமிழர்களாகிய நாம் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்துவிட வேண்டியிருக்கிறது. சாலக்குடி ஆற்றின் தலைப்பகுதி நம்மிடம் இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தால் மேற்கே ஓடவேண்டிய நீரைக் கிழக்கே திருப்பிப் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் கொண்டுவந்தோம். 1970-இல் கையெழுத்தாகி, 1958-இலிருந்தே செல்லும் என்று எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. கேரளச் சோலையாற்றுக்கு ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி. விடவேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. கொங்குநாட்டு உழவரின் பாட்டை அறிந்தவர்கள் எவரும் அத்திட்டத்தைப் பிழையென்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அருவியில் நீர் குறைகிறதே என்று அங்கலாய்க்கும்போது, குறைந்ததில் ஒரு பகுதி நம் தென்னந்தோப்புகளில் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காடர்களும் அயலார் அல்லர். ஆனைமலையின் நம் பக்கத்திலும் அதே மக்கள் வாழ்கிறார்கள்.

மௌனப் பள்ளத்தாக்குக்காக மலையாள எழுத்தாளர்கள் எழுந்துநின்றதை நாம் பெருமூச்சோடு பேசுவது வழக்கம். 2020-இல் மறைந்த சுகதகுமாரி கவிதையை விட்டு இறங்காமலேயே தெருவுக்கும் வந்தவர். ஆனால் அந்தப் போராட்டம் காத்தது மனிதர் குடியிருக்காத ஒரு மழைக்காட்டை. தீண்டப்படாத காடு என்ற படிமம் கவிதைக்கு இசைவானது. அதிரப்பள்ளி அப்படியல்ல. மேலே அணைகள், கீழே கால்வாய், நடுவில் தேநீர்க் கடைகள், விடுதிகள், குரங்குகள், வரிசையாக நிற்கும் பேருந்துகள். இப்படி ஏற்கெனவே கசங்கிய ஓர் ஆற்றுக்காகப் பேசும் மொழி நம் இலக்கியத்தில் இன்னும் போதிய அளவு உருவாகவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது. சங்கத் திணைகளை மேற்கோள் காட்டுவதோடு நம் சூழலியல் கட்டுரைகள் பெரும்பாலும் மூச்சு வாங்கிவிடுகின்றன.

சென்ற முறை நாங்கள் சாலக்குடி வழியாகப் போகாமல், வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை சோதனைச்சாவடியைக் கடந்து இறங்கினோம். அருவியை மட்டும் பார்க்க வருபவர்களுக்கும் இந்தப் பாதையையே பரிந்துரைக்கிறோம். நம் சோலையாறு அணை, அவர்களுடைய சோலையாறு அணை, பெரிங்கல்குத்து, வாழச்சால் என்று ஆற்றின் முழு வரலாறும் ஒரே பகலில் சாலையோரமாக வரும். அதிரப்பள்ளி கடைசியில்தான் வரும்.

2020-இல் தந்த சான்றின் ஏழாண்டு 2027-இல் நிறைவுபெறும். அதற்கு முன் பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ இந்த ஆற்றின் இரு பக்கத்து உழவர்களும் காடர்களும் சேர்ந்தமரும் கூட்டம் ஏதேனும் ஏற்பாடாகிறதென்றால், அறிந்த நண்பர்கள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். எங்களில் இருவர் போய்வர ஆயத்தமாக இருக்கிறார்கள்.