பிச்சைச் சம்பளமா, கொடுப்பனவா?

வயோதிபர், விதவைகள், அங்கவீனர் ஆகியோருக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுத்துவந்த பணத்திற்குக் கடதாசியில் உள்ள பெயர் பொதுசன உதவிப்பணம். எமது கிராமங்களில் அதன் பெயர் பிச்சைச் சம்பளம். அதே தபாற்கந்தோரில், அதே வரிசையில் நின்று இளைப்பாறிய ஆசிரியர் பெற்ற பணத்திற்குப் பெயர் பென்சன். பென்சன்காரருக்குக் கடையில் கடன் கிடைக்கும், ஊர்ச்சபையில் கதிரை கிடைக்கும். பிச்சைச் சம்பளம் எடுக்கிற ஆச்சியோ சேலைத் தலைப்பில் காசை முடிந்துகொண்டு ஒழுங்கையால் வீடு போய்ச் சேருவார்.

இரண்டு பணமும் எங்கிருந்து வருகின்றன? இரண்டும் திறைசேரியிலிருந்தே வருகின்றன. அரச ஊழியரின் ஓய்வூதியம் அவர் தம் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வைத்த பணமன்று. திறைசேரியை நிரப்புவது வரி. இந்நாட்டு வரியிற் பெரும்பங்கு பொருட்களின் மேலும் சேவைகளின் மேலும் விதிக்கப்படுகின்றது. 2024 தை மாதம் முதல் பெறுமதிசேர் வரி 18 வீதமாயிற்று. ஆச்சி சவர்க்காரம் வாங்கும்போது அந்த வரியைக் கட்டுகின்றார். ஆசிரியர் முப்பது வருடம் உழைத்தவர் என்று சொல்லலாம். ஆச்சி நாற்று நட்டதும், களை பிடுங்கியதும், சூடு மிதித்த நெல்லைத் தூற்றியதும் உழைப்பில்லையா? உழவனும் ஓய்வூதியத்திற்கு உரியவன் என்பதை அரசாங்கமே 1987 ஆம் ஆண்டில் விவசாயிகள் ஓய்வூதியச் சட்டத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது. அது உழவர் தவணைப்பணம் கட்டிச் சேருகின்ற திட்டம் என்பது வேறு விடயம்.

பெயர் மாறினால் மனம் மாறுமா என்று சிலர் கேட்கக்கூடும். எமது நாட்டின் அரிசிக் கதையைப் பாருங்கள். 1942 இல், யுத்த காலத்தில், அரிசி பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பெயர் பங்கீடு. கூப்பன் புத்தகம் ஏழைக்கும் இருந்தது, வசதி படைத்தவனுக்கும் இருந்தது. ‘பங்கு’ என்பது முதுசக்காணியில் சகோதரர் பேசுகின்ற சொல். பங்கைக் கேட்க எவரும் வெட்கப்படுவதில்லை. 1953 இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடு ஆவணி 12 ஆம் திகதி ஹர்த்தால் செய்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

பின்னர் 1978 இல் பங்கீட்டு அரிசி வருமானம் குறைந்தவர்களுக்கு மாத்திரம் என்றாயிற்று. அடுத்த வருடமே அதுவும் போய் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் எழுதியிருந்த ரூபா அப்படியே இருக்க, சாமான் விலை ஏறிக்கொண்டே போயிற்று. சில ஆண்டுகளில் அதன் பெறுமதி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஹர்த்தால் நடந்ததா? இல்லை. இதற்குப் பெயர் மட்டுமே காரணம் என்று நான் வாதாடவில்லை. எல்லோருக்கும் உரியதாக இருந்தது ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டபோது அதற்காகப் பேசக்கூடிய குரல்களும் ஒதுங்கிவிட்டன. ஆனால் ‘பங்கு’ போய் ‘முத்திரை’ வந்தபோது, கேட்கின்ற வாயும் சேர்ந்து அடைபட்டது என்றே நினைக்கின்றேன்.

அதன் பின் வந்த பெயர்கள் எமக்கு விளங்காதவை. 1989 இல் ஜனசவிய, 1995 இல் சமுர்த்தி, 2023 இல் அஸ்வெசும. மூன்றும் சிங்களப் பெயர்கள். முதலாவது மக்கள் சக்தி, இரண்டாவது சுபீட்சம், மூன்றாவது ஆறுதல். சக்தியில் தொடங்கிய அரசாங்கம் ஆறுதலில் வந்து நிற்பதைச் சிங்களக் கமக்காரன் பெயரைக் கேட்டவுடனேயே உணருவான். தமிழ்க் கமக்காரனுக்கு அது வெறும் ஓசை. தனக்குக் கிடைப்பது உரிமையா, உதவியா, ஆறுதலா என்று தெரியாமலே படிவத்தில் கையெழுத்து வைக்கின்றான். 2023 இல் அஸ்வெசும தொடங்கியபோது வகுத்த பிரிவுகளிலும் ‘வறியவர்’, ‘மிகவும் வறியவர்’ என்றே பெயர். முன்னவருக்கு 8,500 ரூபாவும் பின்னவருக்கு 15,000 ரூபாவும் என நிர்ணயிக்கப்பட்டது. பெயர்ப்பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டி, அதில் உள்ளவர்களுக்கு எதிராக அயலவர் ஆட்சேபனை தெரிவிக்கவும் இடம் வைத்தார்கள். ‘மிகவும் வறியவர்’ என்று ஊரறிய ஒட்டப்பட்ட தகப்பன் பாடசாலைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பானா?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த விடயம் இன்னும் கூர்மையானது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களின் செம்மண் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 2015 முதல் ஒரு பகுதி கட்டங்கட்டமாக விடப்பட்டது. அத்தனை வருடமும் முகாமில் இருந்தவனுக்குக் கொடுத்த அரிசிக்கும் பருப்புக்கும் பெயர் ‘நிவாரணம்’. வெள்ளம் வந்தாலும் நிவாரணம், வரட்சி வந்தாலும் நிவாரணம். ஆனால் ஒருவனுடைய தோட்டத்தை மற்றொருவன் வைத்திருந்தால் அதற்கு நாம் சொல்வது குத்தகை. அதைப் பாழாக்கினால் நட்டஈடு. குத்தகைக்காரனுக்கு வாடிக்கையாக எவரும் நன்றிக் கடிதம் எழுதுவதில்லை. நிவாரணம் என்ற சொல் கடன்காரனைக் கொடையாளியாக்கிவிட்டது. 2009 இல் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் மக்களை அடைத்து வைத்த இடங்களுக்கு ‘நலன்புரிக் கிராமங்கள்’ என்று பெயர் சூட்டியதையும் நாம் மறந்துவிடலாகாது.

“நிவாரணம் வாங்கிப் பழகிச் சனம் சோம்பேறியாகிவிட்டது” என்று எமது படித்தவர்களே சொல்லக் கேட்கின்றோம். அதே வாய்கள் நெற்செய்கையின் உரமானியத்தைப் பற்றி அப்படிப் பேசுவதில்லை. கமக்காரனும் “உரமானியம் வந்திட்டுதோ?” என்று சந்தியில் நின்று உரத்துக் கேட்கின்றான். மானியம் என்பது முன்பு அரசர் மதிப்புக் கருதி விட்ட நிலத்தின் பெயர். அந்தக் கௌரவம் சொல்லில் இன்னும் ஒட்டியிருக்கின்றது. இரண்டும் அரச பணமே. உரத்தை வாங்கியவன் சோம்பேறியாகவில்லை என்றால், காணி இல்லாதவன் அரிசி வாங்கியதால் மட்டும் எப்படிச் சோம்பேறியானான்? அவனிடம் மண்வெட்டி இருந்தது, கொத்துவதற்கு நிலம்தான் இருக்கவில்லை. தொண்டு நிறுவனங்களும் இதிற் சளைத்தவையல்ல. அவற்றின் அறிக்கைகளில் மனிதர் எல்லோரும் ‘பயனாளிகள்’. கிணறு வெட்ட மூன்று கிழமை மண் சுமந்தவனும் பயனாளியே.

‘கொடுப்பனவு’ என்றொரு சொல் எம்மிடம் இருக்கின்றது. பாராளுமன்ற உறுப்பினர் பெறுவதும் கொடுப்பனவு, முதியோர் பெறுவதும் கொடுப்பனவு. அதில் தாழ்வுமில்லை, தயவுமில்லை. ஆச்சியின் பணத்தையும் நாம் அப்படியே சொல்லிப் பழகலாம். பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் பிரதேச செயலகத்திற்கு மேன்முறையீடு எழுதும்போது, எழுதிக் கொடுக்கின்ற பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். “ஏழையாகிய என்மீது கருணை கூர்ந்து” என்று தொடங்குவது எமது பழைய மனு எழுதுவோர் விட்டுச்சென்ற வழக்கம். 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழேயே இந்தக் கொடுப்பனவு வழங்கப்படுகின்றது. ஆகவே அந்தச் சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் முதல் வரியில் எழுதுங்கள். அடுத்த வரியில் குடும்பத்தில் எத்தனை பேர், காணி எங்கே, அது இப்போது யார் கையில் என்பவற்றை எழுதுங்கள். கருணை என்ற சொல்லுக்கு அந்தக் கடிதத்தில் இடம் தேவையில்லை.