அக்கிக்கு மூணு நாள்தான் கெடு

பி.காம் படிக்கிறவனுக்கு வைத்தியம் எதுக்கு என்று கேட்கப் போகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

அக்கி வந்தால் நம் ஊரில் முதலில் தேடுவது மண்பாண்டம் செய்கிறவரைத்தான். காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசுவார். சில ஊர்களில் சிங்கம்கூட வரைவார்கள். பல இடங்களில் தொடர்ந்து மூன்று நாள் எழுத வேண்டும் என்பது வழக்கம். எழுதுகிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் சண்டை எல்லாம் அந்த மூன்று நாளோடுதான்.

அக்கி உடம்புச் சூட்டினால் வருவதில்லை, பூச்சி கடித்தும் வருவதில்லை. சின்ன வயதில் சின்னம்மை போட்டதே, அதே வைரஸ்தான். அம்மை இறங்கினாலும் அது வெளியே போவதில்லை, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக்கொள்கிறது. 50 வயது தாண்டும்போதோ, எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ, ஒரு நரம்பைப் பிடித்துக்கொண்டு தோலுக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்ட மாதிரி கொப்புளம்.

இதற்கு மருந்து இருக்கிறது. அசைக்ளோவிர். முனைவர் பட்டம் வாங்காமலே 1988-இல் நோபல் பரிசு பெற்ற கெர்ட்ரூட் எலியனின் பெயர் இந்த மருந்தோடு சேர்ந்தது. நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மாத்திரைதான். ஆனால் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். கொடுத்த கடனுக்கு வழக்குப் போட சட்டம் மூன்று வருடம் கெடு தருகிறது. அக்கி தருவது மூன்று நாள். அந்த மூன்று நாளையும் காவி மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நாலாவது நாள் டாக்டரிடம் போய் நிற்கிறோம். (கெடு தாண்டிவிட்டதென்று போகாமல் இருக்காதீர்கள். புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் அப்போதும் மருந்து கொடுப்பார்கள்.)

"எங்க தாத்தாவுக்கு எழுதினோம், சரியாப் போச்சே?" போகும்தான். எழுதினாலும் எழுதாவிட்டாலும் இரண்டு முதல் நாலு வாரத்தில் அக்கிப் புண் பெரும்பாலும் தானே ஆறிவிடும். தானாக முதிர்கிற டெபாசிட்டுக்கு ஏஜென்ட் பெயர் வாங்குகிற கதை இது.

ஆனால் தோல் ஆறுவதும் நரம்பு ஆறுவதும் ஒன்றல்ல. எங்கள் தெரு அத்தை ஒருவருக்குப் புண் ஆறி எட்டு மாதம் ஆகிறது. இன்றைக்கும் ரவிக்கை உரசினால் கத்துகிறார். வீட்டில் "நடிக்கிறா" என்கிறார்கள். அவர் நடிக்கவில்லை. அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி அது. வெறும் பாராசிட்டமால் அதற்குப் போதாது, நரம்பு வலிக்கென்றே தனி மாத்திரைகள் இருக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அது கண்ணுக்குப் போகிற நரம்பு. பார்வையே போகலாம்.

இன்னொரு கூத்து. டாக்டர் சீட்டில் "ஹெர்பிஸ் சோஸ்டர்" என்று எழுதியதும் வீட்டில் குசுகுசு ஆரம்பித்துவிடும். ஹெர்பிஸ் என்பது ஒரு பெரிய வைரஸ் குடும்பத்தின் பெயர். உறவினால் பரவுகிற ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வேறு, அக்கி வேறு. அந்த சிம்ப்ளெக்ஸிலும் உதட்டுப் புண் தருகிற முதல் வகை, 50 வயதுக்குட்பட்ட உலக மக்களில் 64 சதவீதம் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலோருக்குச் சின்ன வயதில் முத்தத்திலும் எச்சிலிலும் ஒட்டியது. இதில் யார் யாரைக் கேவலமாகப் பார்ப்பது?

அக்கி வந்தவரிடமிருந்து அடுத்தவருக்கு அக்கி ஒட்டாது. ஆனால் அம்மை வராதவருக்கு அம்மை வரலாம். பொருக்கு தட்டும் வரை புண்ணை மூடி வையுங்கள், கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் தள்ளி வையுங்கள். 50 தாண்டியவர்களுக்கான தடுப்பூசி 2023-இல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. இரண்டு தவணை, விலை பல ஆயிரம். நடுத்தரக் குடும்பத்துக்கு யோசிக்க வைக்கிற தொகைதான், அதனால்தான் மாத்திரையைப் பற்றி இவ்வளவு கத்துகிறேன்.

எழுதியே ஆகணும் என்று பாட்டி அடம் பிடித்தால் முதல் மாத்திரை உள்ளே போன பிறகு எழுதட்டும். உடைந்த கொப்புளத்தின் மேல் மட்டும் மண் வேண்டாம், சீழ் பிடிக்கும்.