பழைய ஜீப்பின் சூட்டு முள்ளை நம்பலாமா?

கேள்வி: சேலத்திலிருந்து உர மூட்டையோடு ஏற்காடு ஏறும் பழைய ஜீப்பில், மீட்டர் முள் நடுவில் நிற்கும்போதே ரேடியேட்டர் கொதிக்கிறதே, ஏன்?

பதில்: எண் இல்லாத மீட்டரில் 'நடு' என்றால் எத்தனை டிகிரி? ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; திறந்த பாத்திரத் தண்ணீர் அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால்தான் ரேடியேட்டரில் கொதிநிலை கூடும். ரப்பர் தேய்ந்த மூடியை முதலில் மாற்றுங்கள், அதுவும் எஞ்சின் ஆறிய பிறகு.

அடுத்து, எண் போட்ட, மெல்லிய குழாய் வைத்த மீட்டர். பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் இது பிசகாது. குழாயை மட்டும் மடக்கிவிடக் கூடாது. அதன் முனை தெர்மோஸ்டாட் அருகே தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் வற்றி முனை வெளியே நின்றால் எந்த மீட்டரும் ஏமாற்றும். மாட்டுமுன் முனையைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் பாருங்கள்: சேலத்தில் 99, ஏற்காட்டில் 95 காட்டினால் மீட்டர் சரி.