ஒரு குரலில் இருபத்தேழு வாக்குகள்

2015ஆம் ஆண்டு யூலை மாதம் 8ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சர்வதேச உடன்படிக்கையின் 181ஆவது உறுப்பினராயிற்று. அழியும் ஆபத்திலுள்ள விலங்கு, தாவர இனங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அது. சைற்றிஸ் என்ற சுருக்கப் பெயராலும், யேர்மனியில் வாழும் எம்மவர்க்கு வாசிங்டன் உடன்படிக்கை என்ற பெயராலும் அறிமுகமானது. கிரேக்க மக்கள் தமது நாட்டின் கடன் நெருக்கடி குறித்து வாக்களித்து மூன்று நாட்களே கழிந்திருந்த வேளையாதலால், இச்செய்தி ஏடுகளின் மூலையில் ஒதுங்கிற்று. யானைக்கும் ஆமைக்குமாக ஐரோப்பியர் செய்துகொள்ளும் ஏற்பாட்டில் அகதிகளாய் வந்த எமக்கு என்ன அக்கறை என்று கேட்போர் எம்மிடையே உளர். அக்கறை உண்டு என்பதே எமது கருத்து.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1973 மார்ச் 3ஆம் நாள் வாசிங்டனில் இவ்வுடன்படிக்கை கைச்சாத்தாகி, 1975 யூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இது உயிரினங்களை மூன்று பட்டியல்களாக வகுக்கின்றது. முதலாம் பட்டியலில் உள்ளவற்றை வணிக நோக்கில் நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லல் ஆகாது. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றை, அவ்வணிகத்தால் அந்த இனத்துக்குக் கேடில்லை என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் அறிவியல் அதிகாரபீடம் உறுதி கூறினால் மட்டுமே, அனுமதிப்பத்திரத்துடன் அனுப்பலாம். மூன்றாம் பட்டியல் ஒரு தனி நாடு பிற நாடுகளின் உதவியை வேண்டிச் சேர்ப்பது. இந்தியா 1976இலும் இலங்கை 1979இலும் இதில் இணைந்தன.

ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாக இணைந்துகொண்ட போதிலும், அவற்றின் கூட்டமைப்பு இணைவதற்கு வழி இருக்கவில்லை. மூல உடன்படிக்கை அரசுகளுக்கு மட்டுமே கதவைத் திறந்திருந்தது. 1983ஆம் ஆண்டு பொட்சுவானாவின் தலைநகர் கபொறோனியில் கூடிய மாநாடு, பிராந்தியக் கூட்டமைப்புகளும் இணையலாம் என்ற திருத்தத்தை நிறைவேற்றிற்று. ஆனால் அன்று உறுப்புரிமை பெற்றிருந்த 80 நாடுகளில் 54 நாடுகள் அதனை ஏற்றால்தான் திருத்தம் செல்லுபடியாகும். அந்த எண்ணிக்கை நிறைந்து திருத்தம் உயிர்பெற்ற நாள் 2013 நவம்பர் 29. ஒரு வாசல் திறப்பதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன.

இந்த முப்பது ஆண்டுகளும் ஐரோப்பா வாளாவிருந்தது என்பதல்ல. 1984 முதலே உடன்படிக்கையின் விதிகள் ஐரோப்பியச் சமூகத்தின் பொதுச் சட்டமாக நடைமுறையில் இருந்து வந்துள்ளன. 1997இல் வந்த புதிய ஒழுங்குவிதி அவற்றை மேலும் இறுக்கிற்று. இதற்குக் காரணம் எளிது. 1993இல் உள்எல்லைகளில் சுங்கச் சோதனை நீங்கிய பின்னர், ஒரு பொருள் எந்தத் துறைமுகத்தால் உள்ளே வந்தாலும் அது ஐரோப்பா முழுவதற்கும் வந்ததாகவே ஆகும். வீட்டுக்குப் பல வாசல்கள் இருக்கையில், ஒரு வாசல் பூட்டின்றிக் கிடந்தால் ஏனைய வாசல்களைப் பூட்டி என்ன பயன்? ஆகவே சட்டமும் பொறுப்பும் ஒன்றாக இருத்தல் வேண்டும். அவ்வகையில் 2015இல் நிகழ்ந்த இணைவு நியாயமானது. சட்டத்தை ஆக்கும் அமைப்பு, அச்சட்டத்தின் மூலமான உடன்படிக்கைக்கும் நேரடியாகப் பதில் சொல்லும் கடப்பாட்டை ஏற்றது. இதனை நாம் வரவேற்கின்றோம்.

ஆனால் பொறுப்போடு அதிகாரமும் வந்தது. அதனை எடைபோடாது விடலாகாது. திருத்தத்தின்படி, ஒன்றியம் வாக்களிக்கும்போது அதன் உறுப்பு நாடுகளின் எண்ணிக்கைக்குச் சமமான வாக்குகளை மொத்தமாக இடும். ஒன்றியம் வாக்களித்தால் உறுப்பு நாடுகள் தனித்து வாக்களிக்க முடியாது. 2015இல் அவ்வாக்குகள் 28. பிரித்தானியா 2020இல் விலகிய பின்னர் 27. உயிரினமொன்றைப் பட்டியலில் சேர்ப்பதற்கோ மாற்றுவதற்கோ வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு தேவைப்படும் மாநாட்டில், ஒரே கையில் 27 வாக்குகள் என்பது அற்பமன்று.

அதன் வலிமை அடுத்த ஆண்டே புலப்பட்டது. 2016 செப்ரெம்பர் இறுதியில் யொகானஸ்பேர்க் நகரில் மாநாடு கூடியபோது, ஆபிரிக்க யானைகள் அனைத்தையும் முதலாம் பட்டியலுக்கு உயர்த்தவேண்டும் என்ற முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வந்தது. யானைகள் வாழும் ஆபிரிக்க நாடுகள் பல இதனை வேண்டி நின்றன. நமீபியா, சிம்பாப்வே, தென்னாபிரிக்கா ஆகியன எதிர்த்தன. ஆதரவாக 62 வாக்குகளும் எதிராக 71 வாக்குகளும் விழுந்தன. எதிர்வாக்குகளுள் 28 ஐரோப்பிய ஒன்றியத்துக்குரியவை. அவை மறுபக்கம் சென்றிருப்பின் கணக்கு 90க்கு 43 என்றாகி, முன்மொழிவு நிறைவேறியிருக்கும். ஆபிரிக்க யானையின் விதியை எழுதிய கை பிறசெல்சின் கையே என்று கூறின் அது மிகையாகாது.

ஒன்றியத்தின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைத்தல் எமது கடமை. தென்பகுதி நாடுகளின் யானைக் கூட்டங்கள் முதலாம் பட்டியலுக்குரிய அறிவியல் அளவுகோலை எட்டவில்லை என்றனர். மேலும், விருப்பமில்லாத நாடுகளை வலிந்து கட்டினால், உடன்படிக்கை தரும் விலக்குரிமையைப் பயன்படுத்தி அவை கட்டுப்பாட்டுக்கு வெளியே சென்றுவிடும் என்றும் எச்சரித்தனர். இவ்வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. எனினும் தென்பகுதியின் மிகப் பெரும் யானைக் கூட்டத்தைக் கொண்ட பொட்சுவானாவே அன்று உயர்த்துதலை ஆதரித்துப் பேசியது என்பதையும் மறத்தலாகாது.

எமது குறை வாக்கின் திசை பற்றியதன்று. வாக்கிட்ட வீட்டின் நிலை பற்றியது. ஆபிரிக்காவுக்கு அளவுகோல் காட்டிய அதே காலத்தில், ஐரோப்பாவிலிருந்து பழைய யானைத்தந்தம் சட்டபூர்வமாகவே கிழக்காசியாவுக்கு மறுஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது. பதப்படுத்தாத தந்தத்தின் மறுஏற்றுமதியை நிறுத்துமாறு ஒன்றியம் வழிகாட்டியது 2017 யூலையில். உள்வணிகத்தையும் பெருமளவு இறுக்கியது 2021 டிசெம்பரில். சொந்த முற்றத்தைக் கூட்டிய பின்னர் அயலான் முற்றத்தைப் பற்றிப் பேசுவதே அழகு. முறை மாறி நடந்தது என்பதே எமது கண்டனம்.

இவ்விடத்தில் எமது தாயகத்தின் கடற்கரைக்கு வருவோம். உடன்படிக்கையின் அடுத்த மாநாடு 2019 மேயில் கொழும்பில் கூடுவதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர் அது ஒத்திவைக்கப்பட்டு, ஓகஸ்ற் மாதம் ஜெனீவாவில் நடைபெற்றது. அங்கு இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளின் வேண்டுகோளின்படி நட்சத்திர ஆமை முதலாம் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் கென்யா, செனகல், சீசெல்சு, அமெரிக்கா ஆகியனவும் கூட்டாக முன்மொழிந்தபடி, கடலட்டையின் மூன்று இனங்கள் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இம்முடிவு 2020 ஓகஸ்ற் இறுதியில் நடைமுறைக்கு வந்தது.

மன்னாரிலும் யாழ்ப்பாணக் கடற்பரப்பிலும் அட்டைத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனை என்பதை எம் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் பிடிப்பவற்றில் பெரும்பகுதி இந்த மூன்று இனங்களுக்குள் அடங்காது எனினும், பட்டியல் இன்னும் நீளக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நலம். உலர்ந்த அட்டை சென்று சேரும் பெருஞ்சந்தை கொங்கொங்கும் சீனாவும். உண்பவன் ஓரிடத்தில், விதி வகுப்பவன் வேறோரிடத்தில், மூச்சடக்கிச் சுழியோடுபவனோ இன்னோரிடத்தில். மூவரில் மாநாட்டு மண்டபத்துள் இருக்கை இல்லாதவன் சுழியோடி ஒருவனே. கடலட்டை அழிந்தால் முதலில் அடுப்பணைவது அவன் வீட்டில் என்பதால், பாதுகாப்பு அவனுக்கே முதன்மையாகத் தேவை. ஆயினும் கடலில் எவ்வளவு உண்டு, எவ்வளவு எடுக்கலாம் என்று கணிக்கும் ஆய்வுக்குப் பணமும் நிபுணரும் வேண்டும். அவை இல்லாதபோது சட்ட வழி அடைபட்டுக் கள்ள வழி திறக்கும். ஆகவே பட்டியலில் சேர்க்குமாறு கேட்கும் செல்வந்த நாடுகள் அந்த ஆய்வின் செலவிலும் பங்கேற்க வேண்டும். ஒன்றியத்தின் ஒரே குரலிடம் நாம் முதலாவதாகக் கேட்பது இதுவே.

அடுத்து எம்மைப் பற்றியும் பேசவேண்டும். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த கதையை மேடைதோறும் முழங்குகின்றோம். ஆனால் விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் எமது பெட்டிகளில் என்ன இருக்கின்றது? யானைமுடி மோதிரம், புலிநகம் பதித்த சங்கிலி, ஆமையோட்டுச் சீப்பு, கடற்கரையில் வாங்கிய பவளப்பாறைத் துண்டு ஆகிய யாவும் இவ்வுடன்படிக்கைக்குள் அடங்குபவை. நாட்டு மருந்துப் பொதியும் விலக்கன்று. கோஷ்டம் முதலாம் பட்டியலில் உள்ளது. சடாமாஞ்சிலும் கடுகுரோகிணியும் இரண்டாம் பட்டியலில் உள்ளன. அசல் கஸ்தூரியும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. பாட்டியார் தந்த தந்தச் சிமிழாயினும், தந்தம் இழைத்த பழைய வீணையாயினும், பத்திரமின்றி எல்லை கடத்தலாகாது. பிரித்தானியா விலகியபின் இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையிலும் இத்தகைய எல்லை உண்டு என்பதை, அரங்கேற்றத்துக்கும் திருமணத்துக்கும் அங்குமிங்கும் செல்லும் குடும்பங்கள் மனங்கொள்ள வேண்டும். பொருள் பறிமுதலாகும், அபராதமும் வழக்கும் தொடரலாம். வதிவிட அனுமதிக்கோ குடியுரிமைக்கோ காத்திருக்கும் ஒருவருக்கு ஒரு வழக்கு எத்தகைய தொல்லையாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. எமது கடைகளை நடத்துவோரும் தாம் இறக்குமதி செய்யும் மருந்துச் சரக்குகளின் பட்டியலை ஒருமுறை சோதித்துக்கொள்வாராக.

இறுதியாக ஒன்றைச் சுட்டாமல் முடிக்க இயலவில்லை. ஒன்றியம் உயிரினங்களுக்கான உடன்படிக்கையில் இணைந்ததற்கு ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன்னர், 2014 டிசெம்பர் 18ஆம் நாள், அதன் நீதிமன்றம் வேறோர் இணைவைத் தடுத்தது. ஐரோப்பிய மனித உரிமைகள் சாசனத்தில் ஒன்றியம் இணையும் என்று, 2009இல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தம் கட்டளையிட்டிருந்தது. அதற்கென ஆக்கப்பட்ட வரைவு ஒன்றியச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று நீதிமன்றம் கருத்துரைத்தது. 2023 மார்ச்சில் புதிய வரைவில் பேச்சாளர்கள் உடன்பாடு கண்ட போதிலும், இணைவு நிறைவேறவில்லை. இச்சாசனம் எமக்குப் புதிதன்று. பிரித்தானியாவுக்கு எதிராக ஐந்து தமிழ் அகதிகள் தொடுத்த வழக்கில் 1991இல் ஸ்ராஸ்பூர்க் நீதிமன்றம் அவர்களுக்குப் பாதகமாகத் தீர்ப்பளித்தது. 2008இல் இன்னொரு தமிழர் தம்மைத் திருப்பி அனுப்பலாகாது என்று வாதாடி வென்றார். தனித்தனி நாடுகளை அங்கு நிறுத்தலாம். ஒன்றியத்தின் சொந்த நிறுவனங்களை, அதன் எல்லைக் காவல் முகவரகம் உட்பட, அங்கு நேரடியாக நிறுத்த இயலாது.

யானைக்குக் கிடைத்தது மனிதனுக்குக் கிடைக்கவில்லையே என்று பொறாமையுறுவது எமது நோக்கமன்று. காப்பற்ற உயிர் எதுவாயினும் அதற்கு ஒரு காப்பு வேண்டும் என்பதை எம்மிலும் நன்கறிந்தவர் யார்? நாம் கூறுவது இவ்வளவே: முப்பது ஆண்டுகள் பொறுத்திருந்து ஒரு திருத்தத்தை நிறைவேற்றுவித்த அதே ஊக்கம், மற்றைய வாசலைத் திறப்பதிலும் காட்டப்படவேண்டும்.

எம்மவரில் பலர் இன்று இந்நாடுகளின் பிரசைகள். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வாக்களிப்பவர்கள். அந்த 27 வாக்குகளின் பின்னே எமது வாக்கும் நிற்கின்றது. அடுத்த தேர்தலில் வேட்பாளர் எமது வாசிகசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ வரும்போது, மாலையிட்டுப் படமெடுத்து அனுப்பிவிடாமல், மூன்று வினாக்களை முன்வைப்போம். மாநாடுகளில் ஒன்றியம் எவ்வாறு வாக்களிக்கப்போகின்றது என்பதை முன்கூட்டியே மக்கள் முன் விவாதிப்பீர்களா? ஏழை நாட்டுக் கடற்றொழிலாளிக்கான ஆய்வுச் செலவில் பங்கு கொள்வீர்களா? மனித உரிமைகள் சாசனத்தில் ஒன்றியம் எப்போது இணையும்? ஒரே குரலில் பேசும் உரிமையைப் பெற்றவர்கள், அக்குரல் யாருக்காக ஒலிக்கின்றது என்று பதில் கூறவும் கடமைப்பட்டவர்கள்.